வலது கால்

"ஏண்ணா, ஒத்தக் கால்ல செருப்பக் காணமே?" என்று டீக்கடைக்காரம்மா கேட்ட பிறகுதான் அர்த்தநாரி குனிந்து பார்த்தான்.

இடது காலில் செருப்பு இருந்தது. வலது காலில் இல்லை. வெறுங்கால், விரலிடுக்கில் சரளை மண்ணோடு, யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதைப் போல அவனுடைய கைலிக்குக் கீழே நின்றது. "வண்டியிலயே கெடக்குமுங்க" என்று சொல்லிச் சிரித்தான். அந்தம்மாவும் சிரித்துவிட்டு டீயை ஆற்றப் போய்விட்டாள். வண்டியில் கிடக்கவில்லை. லாரிக்கும் கடைக்கும் நடுவில், காலை வெயிலில், மல்லாந்து கிடந்தது. அங்கேயிருந்து இங்கே வரைக்கும் சரளைக்கல்லில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறான். ஒரு கல் குத்தவில்லை, ஒரு கல் சுடவில்லை. குத்தியிருக்கும். சுட்டும் இருக்கும். அந்தச் சேதி மேலே வந்து சேரவில்லை. கிருஷ்ணகிரி தாண்டி லாரிகள் ஒதுங்கும் இந்த இடத்தில் அவன் எத்தனையோ தடவை டீ குடித்திருக்கிறான், இந்தக் கிளாஸின் சூடு கூட அவன் விரல்களுக்குப் பழக்கம், இதோ இப்போதும் விரல் சுடுகிறது, நல்லவேளை விரல் சுடுகிறது, கை இருக்கிறது, கை எங்கேயும் போகவில்லை. போன் அடித்தது. பெண்டாட்டி சாந்தாமணி. "எங்கீங்க வந்துட்டு இருக்கறீங்க?" "காவேரிப்பட்டணத்துக்கு இந்தப் பக்கம். மத்தியானத்துக்குள்ள நாமக்கல்லுல லோடு எறக்கற எடத்துக்குப் போயிருவேன்." "சக்கரை மாத்தரை போட்டீங்களா?" "போட்டாச்சு." "கால் எரிச்சல் இருக்குதுங்களா இன்னும்?" "எரிச்சலெல்லாம் ஒண்ணுமில்ல." "அப்பாடா. அந்தத் தைலம் கேட்டிருச்சு பாருங்க." அவன் உம் கொட்டினான். பொய் சொல்லவில்லை. எரிச்சல் நிஜமாகவே போய்விட்டது. போன பங்குனியில் ராத்திரியெல்லாம் காலை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு படுத்தானே, மிளகாயை அரைத்துப் பூசியது மாதிரி எரிந்ததே, அப்போது அதை எவ்வளவு வைதிருப்பான். எரிந்த வரைக்கும் கால் இருந்தது. அது அவனுக்கு அப்போது தெரியாமல் போயிற்று.

செருப்பை எடுத்து மாட்டினான். மாட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டான். பிறகு அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு வண்டியில் ஏறினான். பெடலுக்கும் காலுக்கும் நடுவில் செருப்பு வேறு எதற்கு.

பின்னால், சீட்டுக்குப் பின்புறத்துப் பலகையில், மாதையன் தூங்கிக்கொண்டிருந்தான். தருமபுரிப் பக்கத்து ஆள், அர்த்தநாரியைவிடச் சில வருஷம் இளையவன், இந்த வண்டிக்கு இன்னொரு டிரைவர். அனந்தப்பூரிலிருந்து விடிய விடிய ஓட்டிக்கொண்டு வந்து, கிருஷ்ணகிரியில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்தவன்தான். வாய் திறந்திருந்தது. துண்டு மூச்சுக்கு ஏறி இறங்கியது. பீகாரிலிருந்து மக்காச்சோள மூட்டை, கோழித் தீவனத்துக்கு, தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிய பாரம். இந்தப் பாரத்தை இத்தனை மாநிலம் தாண்டி இரண்டு பேரும் மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டு வந்தாயிற்று, இனி மிச்சம் இருப்பது வீட்டு வாசல் மாதிரி ஒரு தூரம், தருமபுரி, தொப்பூர் இறக்கம், ஓமலூர், சேலம், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று இரண்டாவது தடவையும் நினைத்துக்கொண்டான். தொப்பூர் என்ற சொல்லை மட்டும் நினைப்பு தொட்டுவிட்டுச் சட்டென்று விலகியது, நாக்கு சொத்தைப் பல்லைத் தொட்டு விலகுவதைப் போல. வண்டி கிளம்பிவிட்டது. கிளட்ச் இடது கால், அது பரவாயில்லை, அதில் எறும்பு ஊர்கிறது, ஊரட்டும், ஊர்ந்தால் உயிர் இருக்கிறது. வலது காலை அவன் காதால் ஓட்டினான். இது அவனாகக் கண்டுபிடித்த வித்தை, யாரிடமும் சொல்லவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் குரலை உயர்த்தும், அந்த உயர்வு எவ்வளவு என்று கேட்டால் கால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும். பிரேக்கை விட்டால் காற்று உஸ்ஸென்று போகும். உஸ் வந்தால் கால் பிரேக்கில் இருந்தது என்று அர்த்தம். அது மட்டுமில்லை, பிரேக் பிடித்தால் உடம்பு முன்னால் சாயும், ஆக்சிலேட்டரென்றால் முதுகு சீட்டில் அழுந்தும். ஆக காது இருக்கிறது, முதுகு இருக்கிறது, கண் இருக்கிறது, இத்தனை இருக்கும்போது ஒரு கால் தெரியாவிட்டால் என்ன. நாக்பூர் வெயிலை இப்படித்தான் தாண்டினான், ஐதராபாத் நெரிசலை இப்படித்தான் தாண்டினான். ஒரு சின்னக் கீறல் கூட இல்லை. இல்லையே. பின்னே எதற்கு உள்ளங்கை வேர்க்கிறது? ஸ்டியரிங்கைத் துண்டால் துடைத்தான். துடைத்த இடமே மறுபடியும் ஈரமாயிற்று.

திருச்செங்கோட்டில் அந்த டாக்டரம்மா, சின்ன வயசு, மகள் வயசுதான் இருக்கும், கட்டிலில் படுக்கவைத்து, "ஐயா, கண்ண மூடிக்குங்க. ஒரு நூலால கால்ல தொடுவேன். தொடறப்ப எல்லாம் தெரியுதுன்னு சொல்லணும்" என்றாள். கண்ணை மூடினான். மூடியதும் பயம் வந்தது, இருட்டில் காத்துக்கொண்டிருந்தான், எப்போது தொடுவாள், இப்போதா, இப்போதாக இருக்கும். "தெரியுதுங்க" என்றான். கொஞ்சம் விட்டு, "தெரியுதுங்க." இன்னும் கொஞ்சம் விட்டு, "இப்பவும் தெரியுதுங்க." "ஐயா," என்றாள் அவள், மெதுவாக, "நான் இன்னும் தொடவே ஆரம்பிக்கலையே." கண்ணைத் திறந்தால் நூல் அவள் கையில், அந்தரத்தில் இருந்தது. அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாள். "வண்டி வெச்சிருக்கறனுங்க" என்றான். வைத்திருக்கிறேன் என்றுதான் சொன்னான், ஓட்டுகிறேன் என்று சொல்லவில்லை. அவள் மறுபடியும் வரச் சொன்ன நாளில் அவன் ஒடிசாவில் இருந்தான். அன்றைக்கு லோடு இல்லாவிட்டாலும் எங்காவது போயிருப்பான். போனால் அவள் ஒரு வார்த்தை சொல்லுவாள். அந்த வார்த்தையைச் சொல்லாத வரைக்கும் அவன் டிரைவர். சொன்ன பிறகு யார்? வீட்டில் எங்கே உட்காருவது என்றுகூட அவனுக்குத் தெரியாது. சாந்தாமணிக்கு அவன் ஒரு போன் குரல், மாசத்தில் நாலு நாள் வந்து தூங்கிவிட்டுப் போகிற ஆள். மிச்ச நாளெல்லாம் அந்த வீடு அவனில்லாமல் நன்றாகத்தான் நடந்தது. சீரங்கன் இருக்கிறானே, ஒரு காலத்தில் கல்கத்தா வரைக்கும் ஒற்றை ஆளாக அடித்தவன், காலில் புண் வந்து முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது எடைமேடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். வண்டி உள்ளே வரும்போதெல்லாம் அவன் கை தானாகத் திரும்புகிறது, இல்லாத ஸ்டியரிங்கை ஒடிக்கிறது, பையன்கள் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள். அர்த்தநாரியும் ஒருநாள் அவர்களோடு நின்று சிரித்திருக்கிறான்.

தருமபுரி போய்விட்டது. எப்போது போயிற்று? பாலம் வந்ததா, வலது பக்கம் அந்தப் பெரிய கல்யாண மண்டபம் வந்ததா, எதுவும் நினைவில்லை. காதைத் தீட்டிக்கொண்டே வந்தால் கண் பார்த்ததை மனசு வாங்குவதில்லை. இதுவும் ஒரு புதுப் பயம். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது. மாதையனை எழுப்பிவிடலாம். தம்பி, கொஞ்சம் தலை சுத்துது, இறக்கம் மட்டும் நீ ஓட்டிரு என்றால் முடிந்தது, தலை சுற்றல் யாருக்கும் வரும். ஆனால் அவன் விடிய விடிய ஓட்டினவன், தூக்கக் கண்ணோடு இறக்கத்தில் இறங்குவானா, அது மட்டும் நியாயமா. அது இல்லை. நியாயம் கியாயமெல்லாம் இல்லை. மாதையன் அவன் முகத்தைப் பார்ப்பான். அண்ணனுக்குத் தலை சுத்துதா, எப்பலேர்ந்து, ஏன் என்று கேட்பான், விடமாட்டான், ஒரு முடிச்சைப் பிடித்தால் அவிழ்க்காமல் விடாத ஆள். தார்ப்பாய்க் கயிறு கட்டும்போதே பார்த்திருக்கிறானே. இன்னொருத்தன் ஓட்டுகிற வண்டியில் படுத்தால் மாதையனுக்குத் தூக்கம் வராது. "அர்த்தநாரியண்ணன் ஓட்டுனாத்தான் நமக்குக் கண்ணு மூடும், மத்தவனுங்க ஓட்டுனா பிரேக்கு நம்ம கால்ல இருக்கற மாதிரியே இருக்கும்" என்று சங்ககிரிப் பட்டறையில் பத்துப் பேர் முன்னால் சொன்னான். அந்தச் சொல் அப்போது மாலை போட்டது மாதிரி இருந்தது. இப்போது கழுத்தில் கனக்கிறது. பாளையம் சுங்கச்சாவடி வந்தது. வரிசையில் நின்றான். பிரேக், உஸ். நகர்ந்தான். பிரேக், உஸ். நல்ல காது. இதைத் தாண்டி இடது பக்கம் ஒதுங்க இடம் இருக்கிறது, அங்கே நிறுத்திவிடலாம், டயரைத் தட்டிப் பார்க்கிற மாதிரி இறங்கி, அப்படியே மெதுவாகச் சொல்லிவிடலாம். கட்டை மேலே எழும்பியது. ஒதுங்கும் இடம் வந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு டேங்கர் நின்றுகொண்டிருந்தது. டேங்கருக்குப் பின்னால் இடம் இருந்தது. இடம் இருந்ததை அவன் பார்த்தான், பார்த்துக்கொண்டே தாண்டினான்.

பல வருஷத்துக்கு முன்னால் இந்த இறக்கத்தில் ஒரு வெங்காய லாரி கவிழ்ந்து கிடந்தது. சாலை முழுக்க வெங்காயம். அதற்குக் கீழே ஒரு கார் இருந்தது. அதற்குள் இருந்தவர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், ஒரு குழந்தையின் பால் புட்டி மட்டும் வெங்காயத்தோடு வெங்காயமாகக் கிடந்தது. டிரைவருக்கு ஒரு காயமில்லை. நடுத்திட்டில் குந்தியிருந்தான், வடக்கத்தி ஆளா நம்ம ஆளா என்று முகம் பார்த்தால் தெரியவில்லை, வாயைத் திறந்தபோது தமிழ் வந்தது. "மிதிச்சேங்க. மிதிச்சேங்க. நான் மிதிச்சேங்க." யார் வந்து கேட்டாலும் அதுதான், யாரும் கேட்காதபோதும் அதுதான். எல்லா டிரைவரும் அப்படித்தான் சொல்லுவான் என்று அர்த்தநாரி அன்றைக்கு நினைத்தான். பிரேக் பிடிக்கலை என்பான், மிதிச்சேன் என்பான், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டிருப்பான் திருட்டுப்பயல். இப்போது அந்த ஆள் உண்மையைச் சொன்னானோ என்று இருக்கிறது. அவன் மிதித்திருப்பான். எதையோ மிதித்திருப்பான். மிதித்தேன் என்பது அவனுக்குத் தெரியும், எதை என்பதுதான் தெரியாது. பெடல் இருந்த இடத்தில் கால் இருந்ததா என்று அந்தக் காலிடம் கேட்டால் அது என்ன சொல்லும்? தெரியுதுங்க என்று சொல்லும். இப்பவும் தெரியுதுங்க. இன்னும் தொடவே ஆரம்பிக்கலையே, ஐயா.

இறக்கம் தொடங்கிவிட்டது. கியரைக் குறைத்தான். மலையைக் குடைந்து வளைந்து போகும் சாலை, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கம்பித் தடுப்பு, அதற்கப்பால் புதர்க்காடு. இன்ஜின் முனகிக்கொண்டு பாரத்தைப் பிடித்து நிறுத்தியது. நல்லது, இன்ஜின் பிடித்துக்கொள்ளும், கால் சும்மா தொட்டுத் தொட்டு விட்டால் போதும். முதல் வளைவில் தொட்டான், உஸ். சரி. அப்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது, முதுகுத்தண்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றியது மாதிரி. உடம்பு முன்னால் சாய்ந்திருக்கிறது. பிரேக் பிடிக்காதபோதும் சாய்ந்திருக்கிறது. இறக்கம், அதனால் சாய்ந்தே இருக்கும், இனிமேல் முதுகு எதையும் சொல்லாது. சரி, காது இருக்கிறது. இரண்டாவது வளைவில் கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி பேசத் தொடங்கியது, டிரைவர்களின் கவனத்திற்கு, குறைந்த கியரில் செல்லவும், குறைந்த வேகத்தில் செல்லவும், அது முடிவதற்குள் அடுத்த கம்பத்து ஒலிபெருக்கி அதையே கொஞ்சம் பிந்திச் சொன்னது, இரண்டும் பாறையில் மோதித் திரும்பி வந்தன, பின்னால் ஒரு தனியார் பஸ் வழிகேட்டு ஏர்ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தது. கையை எடுக்காமல் அழுத்தினான் அந்தப் பஸ்காரன். அர்த்தநாரி தொட்டான். உஸ் வந்ததா? வந்திருக்கும். தொட்டான். வந்ததா? ஹாரன், ஒலிபெருக்கி, ஹாரன். டேய் சத்தம் போடாதீங்கடா என்று மனசுக்குள் கெஞ்சினான், கண்ணை மூடிப் படுத்திருந்தபோது காத்திருந்தது போல இப்போதும் காத்திருந்தான், ஒரு சின்ன உஸ்ஸுக்காக. முன்னால் ஒரு பிக்கப் வண்டி போய்க்கொண்டிருந்தது. பின்னால் திறந்த பெட்டியில் பெண்கள், பூப்பறிக்கவோ களையெடுக்கவோ போகிறவர்கள், தலையில் துண்டு கட்டி, சோற்றுத் தூக்குப்போசியை மடியில் வைத்து, இவன் பக்கம் முகம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். பிக்கப் பெரிதாகிக்கொண்டு வந்தது. ஏன் பெரிதாகிறது? அது மெதுவாகப் போகிறது. இல்லை, இது வேகமாகப் போகிறது. அவன் மிதித்தான். நன்றாகவே மிதித்தான், தொடை இறுகியது, இடுப்பு வலித்தது, அதெல்லாம் தெரிந்தது, முட்டிக்குக் கீழே ஒன்றுமில்லை, பஞ்சு, மேகம், வேறொருத்தருடைய கால். பிக்கப் இன்னும் பெரிதாயிற்று. வெற்றிலை மடித்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய மூக்குத்தி தெரிந்தது. குனிந்து பார்க்காதே, இறக்கத்தில் எந்த டிரைவரும் பெடலைக் குனிந்து பார்ப்பானா, பார்த்தால் ஒரு நொடி சாலை இல்லை. பார்த்தான். கால் பிரேக்கில் இல்லை. ஆக்சிலேட்டரிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், வெறும் தகட்டில், விரல்கள் வெளுக்க, முழுப் பலத்தோடு அழுந்தி நின்றது.

கையால் முட்டியைத் தூக்கிக் காலை நகர்த்திப் பெடல்மேல் போட்டான், தொடையால் அழுத்தினான், மற்றக் கை ஹேண்ட் பிரேக் லீவரை இழுத்தது. காற்று அலறியது. இருபுறமும் டயர் தேய்ந்து கருகும் வாசனை வந்தது. பாரம் பின்னாலிருந்து தள்ளியது, வண்டி ஒருமுறை உதறி, பாறைப் பக்கமாக மூக்கைத் திருப்பி, நின்றது. பிக்கப் வளைவில் திரும்பி மறைந்தது. அந்தப் பெண்கள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு போனார்கள். பின்னால் பஸ் கிறீச்சிட்டு ஒதுங்கி, பக்கவாட்டில் வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து ஏதோ வைதான், அர்த்தநாரியின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டுப் போய்விட்டான்.

மாதையன் பலகையிலிருந்து உருண்டு, சீட்டுக்கு நடுவில் விழுந்திருந்தான். நெற்றியில் லேசாக ரத்தம்.

"என்னாண்ணா? பிரேக்கு போச்சா? ஏர் எறங்கிடுச்சா?"

"பிரேக்கு நல்லாத்தான் இருக்குது."

"பின்ன?"

அர்த்தநாரி ஸ்டியரிங்கை விடவில்லை. தலை சுத்துது என்று சொல்ல வாயெடுத்தான். ஏர் போயிருச்சு என்று சொல்லலாம், நாய் குறுக்க வந்திருச்சு என்று சொல்லலாம், எல்லாம் வரிசையாக வந்து நாக்கில் நின்றன.

"கால் தெரியல மாதையா," என்றான்.

"மரத்துப் போச்சா?"

"இல்ல. தெரியறதே இல்ல. பிரேக்குன்னு நெனச்சுத் தகரத்த மிதிச்சுட்டு வந்திருக்கறேன்."

மாதையன் குனிந்து அந்தக் காலைப் பார்த்தான். உள்ளங்காலில் கல் குத்திக் கிழித்த ரத்தம் காய்ந்திருந்தது, டீக்கடைச் சரளை. அதைத் தொட்டான். அர்த்தநாரி அவன் தொடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பலேர்ந்துண்ணா?"

"சித்திரையிலேர்ந்தே."

மாதையன் எழுந்தான். நெற்றி ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தான். வைவான் என்று அர்த்தநாரி காத்திருந்தான். வைதிருந்தால் இறங்கி நடந்திருக்கலாம்.

"அப்ப நாக்பூரு. ஐதராபாத்து," என்றான் மாதையன். எங்கெங்கேயோ எண்ணிப் பார்க்கிறவன் போலக் கண்ணாடி வழியாகச் சாலையையே பார்த்தான். பிறகு, குரலை உயர்த்தாமல், "நான் பின்னால தூங்கிட்டிருந்தனேண்ணா" என்றான்.

பாறையில் ஒலிபெருக்கி மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தது. மாதையன் கீழே இறங்கி, சக்கரங்களைச் சுற்றிப் பார்த்து, சூடு ஆறுகிறவரைக்கும் பின்னால் வருகிற வண்டிகளுக்குத் துண்டை வீசிக்கொண்டு நின்றான். பிறகு வலது பக்கக் கதவைத் திறந்தான். "அந்தப் பக்கம் போங்க" என்றான்.

அர்த்தநாரி சீட்டின்மேலேயே நகர்ந்து இடது பக்கத்துக்குப் போனான். போகும்போது காலைக் கையால் தூக்கி எடுத்துக்கொண்டு போனான், இனி ஒளிக்க ஒன்றுமில்லை. சொன்ன பிறகு இலேசாக இருக்கும் என்று யாரோ சொல்லுவார்களே, அப்படியெல்லாம் இல்லை. பயம் அப்படியேதான் இருந்தது, ஆனால் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. பள்ளம் இந்தப் பக்கம் இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதா? இத்தனை வருஷமும் வலது பக்கத்திலேயே இருந்தவனுக்கு இந்தத் தடுப்புக் கம்பி, அதற்குக் கீழே சரிந்து போகும் புதர், அதில் என்றைக்கோ விழுந்த ஏதோ வண்டியின் துருப்பிடித்த கதவு, எதுவும் தெரிந்ததில்லை. மாதையன் கியரைப் போட்டான். வண்டி நகர்ந்தது. நாளைக்கு டாக்டரம்மா. நாளைக்கே. அதற்கப்புறம் ஒரு நாள், அதற்கப்புறம் இன்னொரு நாள், வீட்டில் ஏதாவது ஒரு மூலை, சாந்தாமணி பேசும்போது எதிரிலேயே இருப்பது, போனில் இல்லாமல். அது எப்படி இருக்கும்? நினைப்பில் சீரங்கனின் கை திரும்பியது. அதற்கு மேல் நினைக்க முடியவில்லை, வளைவு வந்துவிட்டது, மாதையன் சரியாகத்தான் பிடிக்கிறான், கொஞ்சம் முன்னாடியே பிடித்திருக்கலாம், லாரி ஒன்று குறுக்கே ஒடிக்கிறது, பிடி, பிடி, ஆங், பிடித்துவிட்டான். அடுத்த வளைவு. இவன் சரியாகத் தூங்கவில்லையே, விடிய விடிய ஓட்டினவனாயிற்றே, கண் செருகுகிறதா என்று பக்கவாட்டில் பார்த்தான். மாதையனின் கண் விழித்தபடிதான் இருந்தது, ஈரமாக இருந்தது, தூக்கமா வேறெதுவுமா என்று சொல்ல முடியவில்லை. கீழே, மரங்களுக்கு நடுவில், சமவெளிச் சாலை வெயிலில் நீளமாகத் தெரிந்தது.

கடைசி வளைவுக்கு முன்னால் மாதையன் ஒருமுறை அர்த்தநாரியின் காலடியைப் பார்த்தான். மறுபடியும் சாலையைப் பார்த்தான்.

"எதுக்குண்ணா அந்த மிதி மிதிக்கிறீங்க? நான் புடிச்சுட்டுத்தான் இருக்கறேன்."

"மிதிக்கறனா?" என்று கேட்டுவிட்டு அர்த்தநாரி குனிந்து பார்த்தான்.